இருபது நிமிடம் நீளம்

டுலூத்தில் பாலம் உயர வேண்டுமென்றால்
கப்பல் ஊதிக் கேட்கும்.
பாலம் அதே மெட்டில் பதில் ஊதும்.
பதினோரு வருடமாக
எங்கள் பாட்காஸ்டில் அதிகம் பேசிய விருந்தாளி
அந்தச் சங்குதான்.

ஒலிப்பதிவுக் கூடம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வது
டெல்பர்ட் வீட்டுக் கோட் அலமாரி.
அவன் மனைவியின் கம்பளிகள்,
மாமனார் விட்டுப்போன மான்வேட்டை ஆரஞ்சு ஜாக்கெட்,
நடுவில் முட்டியோடு முட்டி இடிக்க
நாங்கள் இருவர், ஒரே மைக்.
எதிரொலியை அந்துருண்டை வாசனை தின்றுவிடும்.

வாரம் ஒரு படம்.
எவரும் வாங்காத படம்,
கிரெடிட் கார்டைத் தேய்த்தே எடுத்த படம்,
சம்பளத்துக்குப் பதில் பீட்சா போட்ட படம்.
கேட்பவர்கள் முந்நூற்றுச் சொச்சம்.
அதில் எழுபது பேர்
அவற்றை எடுத்தவர்களின் அம்மாக்கள்
என்பது டெல்பர்ட்டின் கணக்கு.

வெட்டுவது என் பொறுப்பு.
செவ்வாய் இரவுகளில்
அரிசியில் கல் பொறுக்குவதுபோல்
'அதாவது'களைப் பொறுக்குவேன்.
மூச்சை மட்டும் விட்டுவைப்பேன்,
மூச்சையும் எடுத்துவிட்டால்
பிணம் பேசுவதுபோல் இருக்கிறது.

முப்பத்தேழாவது எபிசோடுக்கு
க்ளோக்கேயிலிருந்து வந்தாள் ரோக்ஸான் பெல்லாங்கர்.
பனி வாரும் லாரி ஓட்டுகிற தன் மாமாவை
ஒரே ஓர் இரவு முழுக்கத் தொடர்கிற படம்.
கதை அவ்வளவுதான்.
நடுவில் இருபது நிமிடம் நீளம், என்றேன் மைக்கில்.
அவள் நான்கு விநாடி ஒன்றும் சொல்லவில்லை.
அந்த நான்கை நான்
ஒன்றாகக் குறைத்தேன்.

போன ஏப்ரலில் குழாய் வெடித்து
அவள் வீட்டு அடித்தளத்தில் இடுப்பளவு தண்ணீர்.
ஹார்டு டிஸ்க்கும்
அது போனால் இது என்று வைத்திருந்த இன்னொன்றும்
ஒரே பெட்டியில் இருந்தனவாம்.
விழாக்காரர்கள் தங்கள் பிரதியை அழித்து வருடங்களாயிற்று.
மாமா அதற்கும் முந்தியே போய்விட்டார்.

போனில் அவள் அழவில்லை.
"வெர்னா, நீ குறிப்பு எடுப்பாயே,
அதை வைத்திருக்கிறாயா?"

வைத்திருந்தேன்.
மஞ்சள் நோட்டில் பிடித்த இடங்களுக்கெல்லாம்
ஒரு டிக்,
சில இடத்தில் 'அழகு'.
எதற்கு அந்த டிக், என்ன அழகு,
எனக்கே தெரியவில்லை.
சலித்த இருபது நிமிடத்தைத்தான்
கடன்காரனைப்போல்
நிமிடக் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

அலமாரிக்குள் இப்போது மூன்று பேர்.
டெல்பர்ட் கதவை உள்ளிருந்து பிடித்துக்கொள்ள
நான் படித்தேன்:

நாற்பத்தொன்று – இன்னும் வைப்பர்.
நாற்பத்து மூன்று – மஞ்சள் விளக்கு ஒரு சுவரில் சுழல்கிறது. ஏன்?
நாற்பத்தாறு – கையுறையைக் கழற்றுகிறார். திரும்ப மாட்டுகிறார்.
நாற்பத்தொன்பதரை – தபால் பெட்டி ஒன்றை இடிக்காமலிருக்க
லாரியையே நிறுத்தி, இறங்கி,
கையால் பனியை ஒதுக்குகிறார்.
யார் வீடு என்று சொல்லவில்லை.

"அவருடைய முதல் மனைவி வீடு," என்றாள் ரோக்ஸான்.
"அங்கே படம் எடுக்கிறேன் என்று
அவருக்கே தெரியாது.
பின்னால் என் காரில் வந்துகொண்டிருந்தேன்."

பதினோரு வருடத்தில்
எத்தனையோ பேரிடம்
லென்ஸ் என்ன, பட்ஜெட் என்ன, யார் பாதிப்பு என்று கேட்டிருக்கிறேன்.
அந்த வீடு யாருடையது என்று
அன்று கேட்கவில்லை.

ஐம்பத்தைந்து – வைப்பர், என்று படித்தேன்.
வெளியே தாதுக் கப்பல் ஒன்று ஊதியது,
பாலம் பதில் சொன்னது.
நிறுத்தவா என்று டெல்பர்ட் புருவத்தால் கேட்டான்.
வேண்டாம் என்று அவள் கை காட்டினாள்.
ஆரஞ்சு ஜாக்கெட்டின் கை
அவள் தோள்மேல் விழுந்து கிடந்தது,
எடுத்துவிடவில்லை.

பக்கத்தின் கடைசி வரி வந்தது.
அதில் வாயை மூடிக்கொண்டேன்.
"என்ன எழுதியிருக்கிறது?"
ஒன்றுமில்லை.
"வெர்னா."

அறுபத்தொன்று, என்றேன்.
லாரி திரும்புகிறது.
அப்பாடா.

"அதையும் வை," என்றாள்,
"வெட்டாதே."