எண்பத்தைந்து பல்

நாகசே இக்குயோ என்று எழுதச் சொன்னார்,
குடும்பப் பேர் முன்னால், சொந்தப் பேர் பின்னால்.
நான் பில்லில் எழுதியது:
ஜப்பான் மேடம், பிளேடு ஒண்ணு, சாணை, நூற்று நாற்பது.

குறிச்சி சிட்கோவில் என் மேஜைக்கு
ரீமர் வரும், டிரில் வரும்,
பல் போன ஹாப் கட்டர் வரும்.
இப்படி ஒன்று வந்ததில்லை:
பிறையை நறுக்கிக் கைப்பிடி போட்ட எஃகு,
வளைந்த விளிம்பில்
அங்குலத்துக்கு எண்பத்தைந்து பல்.
"எதைங்க அறுக்கறது?"
அவரிடம் தமிழ் முப்பது வார்த்தை இருக்கும்.
"அறுக்காது. ஆட்டும்."
காற்றில் ஆட்டிக் காட்டினார்,
தூளி ஆட்டுகிற கைபோல.

மறுநாள் அதைக் கல்லில் வைத்திருந்தபோது
போன். பேங்க்காரர்.
இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.
தண்ணீர்க் குழாயைத் திறக்க மறந்திருந்தேன்.
பிளேடின் ஓரத்தில் நீலம் ஏறிவிட்டது,
மயில் கழுத்து நீலம்.
எமரித் தாளில் தேய்த்தேன். போய்விட்டது,
கண்ணுக்கு.
பதம் போன எஃகு சும்மா இருக்காதென்று
முப்பத்தொரு வருஷமாய் அடுத்தவர்களுக்குச் சொல்பவன் நான்.

மாசம் ஒன்று கழித்து
கணபதி லேத் பொங்கியண்ணன் கூப்பிட்டார்.
கரும்பு ஜூஸ் மிஷின் உருளை இரண்டைக் கடைந்து
அந்தம்மாவுக்குப் பிரஸ் ஒன்று செய்திருக்கிறாராம்,
மட்டம் பார்க்க வா என்றார்.
போத்தனூரில் மாடி அறை.
மூலையில் திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை,
மை துடைக்க.
செம்புத் தகடு உள்ளங்கை அகலம்தான்.
அதை நாற்பது திசையில், திசைக்கொரு தரம்,
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
ஆட்டி ஆட்டி முள்ளாக்கியிருந்தார்.

உருளை திரும்பியது. காகிதத்தை உரித்தார்.
கறுப்பு.
பெயிண்ட் கறுப்பில்லை, கார்பன் பேப்பர் கறுப்பில்லை;
எருமைக் கன்றின் காதுக்குப் பின்னால்
விரல் வைத்தால் இருக்குமே, அது.
பொங்கியண்ணன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.
"படம் எங்கீங்க?"
"இனிமேல். சுரண்டினா சாம்பல். மழிச்சா வெள்ளை."

பிறகு லென்ஸை என் பக்கம் நீட்டினார்.
கறுப்புக்குள் மயிரளவு வெளுப்பு,
சற்றுத் தள்ளி இன்னொன்று, அதே போல இன்னொன்று.
"செம்பு சரியில்லீங்க" என்றேன்.
அவர் பதில் சொல்லவில்லை.
பிளேடை எடுத்து அந்தக் கோட்டின்மேல் நிறுத்தினார்.
ஓரத்தில் இரண்டு பல் மொண்ணை.
பொங்கியண்ணன் என்னைப் பார்த்தார்,
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பொழுது சாயப் பட்டறைக்கு வந்து
பிளேடை மேஜையில் வைத்தார். "மறுபடி."
குழாயைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் தீட்டினேன்,
நீலம் இறங்கிய ஆழம் தாண்டும்வரை.
காசு வேண்டாமுங்க என்றேன்.
அவர் உட்கார்ந்தே இருந்தார்.
"நூற்று நாற்பது. எழுதுங்க."
வாங்காமல் விட்டிருந்தால்
மன்னிப்பென்று கணக்கு வைத்திருப்பேன்.
எழுதினேன். சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.
போகும்போது மேஜையிலிருந்த
பழைய பேரிங் குண்டு ஒன்றைக் காட்டி,
எடுத்துக்கொள்ளட்டுமா என்று கண்ணால் கேட்டார்.

தகட்டை முதலிலிருந்து ஆட்டினார்.
ஆடிக் காற்றில் அந்த மாடிக் கதவு
அடித்துக்கொண்டே இருந்ததாம்.
ஆவணியில் ஒரு நாள்
காகிதம் ஒன்றைப் பில் புக்மேல் வைத்தார்.

அந்தக் கறுப்பு. நடுவில் அந்தக் குண்டு.
எங்கள் ஜன்னலின் நாலு கம்பியும்
அதன் வயிற்றில் வளைந்து கிடந்தன.
ஓரமாய் ஒரு மங்கல் உருவம்,
தோள் மாதிரி, குனிந்த தலை மாதிரி.
"இது நானுங்களா?"
அவர் லென்ஸ் வைத்து நிதானமாய்ப் பார்த்தார்.
"இல்லை. கிரைண்டர்."

லென்ஸை வாங்கி நானும் பார்த்தேன்.
கிரைண்டர்தான்.
கல்லுக்கு மேலே குழாய், ஊசிமுனை அளவு.
அதிலிருந்து கீழே
ஒரு வெள்ளைக் கோடு.
திறந்திருக்கிறது.