சில்லறை

"சூளகிரி ஒண்ணு" என்று
பின்படியிலிருந்து கிளம்புகிறது ஐம்பது ரூபாய்.
ரோஜாக்கட்டை இடுக்கியிருந்த பெண் வாங்கி
உடம்பைத் திருப்பி
முன்னால் இருக்கிற முதுகைத் தட்டிக் கொடுக்கிறாள்.
அவர் திரும்பி வாங்கி, திரும்பிக் கொடுக்கிறார்.
நின்ற இடத்தைவிட்டு ஒருவரும் நகரவில்லை.
பணம் மட்டும் கண்டக்டரிடம் போய்ச் சேர்கிறது.

நேற்று ராத்திரி முழுக்க இதைத்தான் அளந்தேன்,
ஓசூரில், தகரக்கூரைச் சோதனைக்கூடத்தில்,
பத்து ரூபாய்க் காசைவிடச் சிறிய
வெள்ளைப் பீங்கான் வில்லையில்.

பேரியம் சிர்கோனேட்.
நான்கு கைச் சிர்கோனியம் உட்கார்ந்த இடங்களில் சிலவற்றை
மூன்று கை இட்ரியத்துக்குக் கொடுத்தோம்.
கணக்கு இடித்தது.
இட்ரியம் இரண்டுக்கு ஒன்றாய்
ஆக்சிஜன் இருக்கை காலி.

அந்தக் காலியில்தான் நீராவி ஏறியது.
(போர்த் தண்ணீர் ஆகாது, ஃப்ளோரைடு,
எங்கள் பல்லைப் பார்த்தாலே தெரியும்.
பேட்டரிக் கடை கேன்தான்.)
நீரின் ஆக்சிஜன் அமர்ந்துகொள்ள
ஒரு புரோட்டான் அதன் தோளிலேயே,
இன்னொன்று பக்கத்து ஆக்சிஜனின் தோளில்.
பிறகு பஸ் கதைதான்:
தோளைச் சுற்றி ஒரு திருப்பம்,
அடுத்தது அருகே சாயும் கணத்தில்
ஒரு தாவல்.

ஆனாலும் திரையில் பெரிய அரைவட்டம் சுருங்கவே இல்லை.
உலை பார்க்கும் திம்மராயன் எட்டிப் பார்த்தார்.
"பொடி சரியா சேரல மேடம்.
செவ்வாக்கெழம சூடேத்துறப்ப கரண்ட் போச்சுல்ல."
குருணைக்கும் குருணைக்கும் நடுவே எல்லை.
அங்கே முன்பே திரண்ட நேர்மின்,
வருகிற நேர்மின்னைத் தள்ளி நிறுத்துகிறது.
உள்ளே ஓடி வந்ததெல்லாம்
இங்கே கிருஷ்ணகிரி டோல்கேட் லாரி.

இன்னொன்றும் உண்டு.
எந்த இட்ரியத்தால் இடம் கிடைத்ததோ
அதன் பக்கத்திலேயே புரோட்டான் தங்கிவிடுகிறது.
விட்டுக் கிளம்பத்தான் கூடுதல் சூடு.
எனக்கு இந்த வேலை வாங்கித் தந்தவர் முகம்
ஏனோ நினைவில் வந்து போனது.

மீதிச் சில்லறை திரும்பி வருகிறது,
டிக்கெட்டில் சுற்றி, கை கையாக.
என்னிடம் வந்து நின்றுவிட்டது.
பின்னால் நிற்கும் பையனின் காதில் இயர்போன், கண் மூடியிருக்கிறது.
"தம்பி" என்கிறேன். "தம்பி."
காசு உள்ளங்கையில் சூடாகிறது.
படியிலிருந்து அந்த ஆள் என்னையே பார்க்கிறார்.

வேகத்தடை.
வண்டி தூக்கிப் போட்டதில்
பையன் என் பக்கம் சாய்ந்தான்.
கொடுத்துவிட்டேன்.