நிர்வாகி

இடமில்லை என்றது.
சிவப்புக் கோடு விளிம்பைத் தொட்டிருந்தது,
களத்து மூட்டைகள் தார்ச்சாலையைத் தொட்டிருந்த மாதிரியே.

தை மாதக் கடைசி. கோட்டூர்ப் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில்
பருவகாலப் பட்டியல் எழுத்தர் நான்.
பருவம் முடிந்தால் எழுத்தரும் முடிந்தார்.
மடிக்கணினி மட்டும் சொந்தம்,
சிங்கப்பூர் மச்சான்
பழசு என்று விட்டுவிட்டுப் போனது.

ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்து
யாரென்று தெரியாத பெயர்களைத் தேடினேன்.
எழுத்தும் எண்ணுமாய் வால் நீண்ட கோப்புகள்.
நான் வைக்கவில்லை. நான் பார்த்ததில்லை.
ஆகவே தேவையில்லை.
அனுமதி கிடையாது என்றது.
நிர்வாகியைக் கேள் என்றது.
பார்த்தால் நிர்வாகி நான்தான்.
உலகத்தில் வேறெங்கும் நான் நிர்வாகி இல்லை.

நிச்சயமாகவா என்று கேட்டது.
ஆமாம்.
மறுபடி கேட்டது. ஆமாம்.
மூன்றாவது முறை கேட்பதற்குள்
கொசு அடித்த கையாலேயே அழுத்தினேன்.
எட்டு ஜிபி கிடைத்தது.
அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் கறுப்பு.
கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு விட்டு விட்டு,
பேச வந்து சொல் மறந்தவன் இமைப்பது போல.
பிறகு அதுவும் இல்லை.

உள்ளே இருநூற்றுப் பதினேழு பேர்.
பெயர், சர்வே எண், சிப்பம், ஈரம், டோக்கன்.
வெளியே அவர்களில் பாதிப் பேர்
தார்ப்பாய்க்குக் கயிறு கட்டியபடி
வானத்தைப் பார்க்கிறார்கள், பிறகு என்னை.

கூத்தாநல்லூரில் ஜுனைதா.
கடைக்குப் பலகை கூட இல்லை.
"எதை அழிச்சீங்க?"
தெரியாததை, என்றேன்.
"எவ்வளவு?"
எட்டு ஜிபி.
சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
"எத்தனை தடவ ஆன் பண்ணிப் பார்த்தீங்க?"
இருபதை ஆறு என்று சொன்னேன்.

திருப்புளியைத் தொடவே இல்லை.
ஒரு பென்டிரைவைச் செருகினாள்.
என் கணினி தன் தலையை விட்டுவிட்டு
அவளுடைய விரல் நீளத் தலையை வாங்கிக்கொண்டு எழுந்தது.
"வயல் அப்படியே இருக்கு சார்.
வாய்க்கால் தலைப்பைத்தான் தூத்துட்டீங்க.
பயிரை மொதல்ல கரையேத்துவோம்."
கம்ப்யூட்டர்க் கடைக்காரிக்கு வயல் எதற்கு என்று கேட்கவில்லை.
எங்கள் பக்கத்தில் எதைச் சொல்லவும்
இந்த ஒரு உவமைதான் கைவசம்.

நாற்பத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது.
என் பேட்டரி செத்து வருஷமாகிறது.
மேஜைக்கடியில் யூபிஎஸ் கத்தத் தொடங்க,
கத்தட்டும், பதினஞ்சு நிமிஷம் தாங்கும், என்றாள்.
பதினான்காவது நிமிஷத்தில் முடிந்தது.

அப்புறம் வாய்க்கால்.
நான் துரத்தியவை எல்லாம்
அதே பெயரில், அதே நீள வாலோடு
வரிசையாய்த் திரும்பி வந்தன.
ஒன்றும் என்னைச் சட்டை செய்யவில்லை.

எழுந்ததும் அது நம்பிய தேதி
இரண்டாயிரத்துப் பதினான்கு, சனவரி ஒன்று.
உள்ளே ஒரு சின்ன செல் தீர்ந்திருக்கு, என்றாள்.
அந்தத் தேதியில் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை,
பிரியவும் இல்லை.
கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருக்கலாம்.
அவள் சரிசெய்துவிட்டாள்.

நானூறு கேட்டாள். ஐந்நூறு நீட்டினேன்.
நூறைத் திருப்பித் தந்தாள்.
லெட்சுமாங்குடி நிறுத்தத்தில் தூறல்.

பேருந்திலேயே மடியில் திறந்து பார்த்தேன்.
எண்பத்தெட்டாவது வரி.
வேதவல்லி, க/பெ மாசிலாமணி. அறுபத்திரண்டு சிப்பம்.
ஈரம் பத்தொன்பது புள்ளி இரண்டு.
குறிப்பு: ஏற்கப்படவில்லை.
நான் அடித்ததுதான்.
போனதோடு இந்தச் சொல்லும் போயிருக்கலாம்.
போகவில்லை. எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

நாலாவது நாளாய் அதே இடத்தில் அவள் மூட்டைகள்.
தார்ப்பாய்ப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது.
குச்சியால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள்,
என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.
ஈரமானியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
நடு மூட்டையில் ஒரு கைப்பிடி நெல்.
எண் வந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்து
அந்த வரியில் பழைய எண்ணை அழித்தேன்.
நிச்சயமாகவா என்று
பட்டியல் கேட்பதில்லை.