மூன்றாம் இலக்கம்

மிஷன் வீதியில் எங்கள் கடைப் பலகையில்
யூரோவுக்குப் புள்ளிக்கு முன்னால்
இரண்டு பள்ளம்தான் குடைந்திருந்தார் ஆசாரி.
நூறு வரும் என்று
அவருக்கும் யாரும் சொல்லவில்லை, எனக்கும்.

வந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை.
மாத்திரை அட்டையைக் கத்தரித்து
ஒரு ‘ஒன்று’ எழுதி ஒட்டினேன்.
பவுண்டுக்கு எப்போதோ ஒட்டிய அட்டை
பக்கத்தில் பழுப்பேறிக் கிடந்தது.

பவுண்டு. பவுன்.
ஒரே வயிற்றில் பிறந்த சொற்கள்.
ஒருவன் தாளாகி அரசாங்கத்தோடு போனான்.
மற்றவன் எட்டு கிராமில் நின்றுவிட்டான்,
வட்டி தராமல், குட்டி போடாமல்,
யாருக்கும் பதில் சொல்லாமல்.
தாளாய்ப் போனவனும் இளைத்துக்கொண்டுதான் இருக்கிறான்.
நம்மவன் அதைவிட வேகமாய் இளைப்பதால்
பலகையில் அவன் கொழுத்தவன் போலத் தெரிகிறான்.

மர்செலின் அம்மாள் வந்தார்.
மகன் துலூஸிலிருந்து கொண்டுவந்து தந்த
ஐந்நூறு யூரோ.
“நல்ல விலை” என்றேன்.
“யாருக்கு?” என்றார்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு கட்டு.
யானை அச்சிட்ட சைகோன் தாள்கள்.
மாமனார் அங்கே சுங்கத்தில் எழுதிய
பதினோரு வருடம்.
“இதுக்கு?”
பழைய நோட்டு சேர்ப்பவன் யாராவது
இருநூறு தருவான் என்றேன்.
சிரித்தார். அது அவருக்கு முன்பே தெரியும்.

அதே பெட்டியில் வந்ததாம்
காகிதத்தில் மடித்த ஒரு தங்கத் தகடு.
உப்பளம் வீட்டை வாங்கியது அது.
அது எந்த ஊர்க் கொடியின் கீழ் உருகியதென்று
உரைகல் கேட்கவில்லை.

பொன் வைக்கிற இடத்தில்
பூ வைக்கச் சொல்வார்கள்.
நாங்கள் தாள் வைத்தோம்.
ஒவ்வொரு தாளிலும் ஒருவர்
தருகிறேன் என உறுதி கூறிக் கையெழுத்துப் போடுகிறார்.
உறுதி கூற வேண்டியிருக்கிறது, பாருங்கள்.
பொன்னில் கையெழுத்து இல்லை.
அது யாருடைய கடனும் இல்லை.

மர்செலின் எண்ணிக்கூடப் பார்க்காமல்
ரூபாயோடு எதிர் நகைக்கடைக்கு நடந்தார்.
பத்து நிமிடம்கூட அது அவர் கையில் இருக்கவில்லை,
சுடுசோற்றை இலைக்கு மாற்றுவதுபோல.

இரவு செல்பேசியில் செய்தி:
ஒரு நாடு இத்தனை டன் வாங்கியது.
இன்னொன்று, அயலான் பாதாள அறையிலிருந்த
தன் கட்டிகளை விமானத்தில் வீட்டுக்கு வரவழைத்தது.
ஒரு நாட்டின் பணத்தை மற்றொரு நாடு
ஒரு கடிதத்தால் பூட்டிவிட முடியும் என்று
எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.
கோட்டு போட்டவர்கள்,
மேசையில் தண்ணீர்ப் புட்டி வைத்திருப்பவர்கள்,
அவர்களும் தெருவைக் கடக்கிறார்கள்,
அதே அவசரத்தில், அதே எதிர்க்கடைக்கு.

நானும் கடக்கிறேன், மாதம் ஒருமுறை.
தங்கைக்காக நகைச் சீட்டு, இரண்டாயிரம்.
தையில் ரசீது: 0.253 கிராம்.
ஆவணியில் 0.198.
கார்த்திகையில் 0.160.
கடைக்காரர் எடையில் ஏமாற்றவில்லை.
பொன் எங்கும் ஏறிப்போகவுமில்லை,
அது இருந்த இடத்தில் இருக்கிறது.
நான் நின்ற தரை இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்:
எல்லோரும் ஓடுவதாலேயே
அந்தக் கடை வாசலும் உயர்ந்துவிடுகிறது.
பயந்தவர்கள் வாங்கும் விலையில்
பயமும் சேர்த்து எடைபோடப்படுகிறது.
அதற்கு உரைகல் இல்லை.
இது தெரிந்தும்
அடுத்த மாதத் தவணையை
உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

போன வாரம் முதலாளி கௌஸ்
புதுப் பலகைக்குச் சொல்லிவிட்டார்.
முத்தியால்பேட்டையிலிருந்து அதே தவமணி ஆசாரி.
அட்டை ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார்,
காதில் செருகிய பென்சிலை எடுத்தார்.

“மூணு பள்ளமா,
இப்பவே நாலா போட்டுடவா?”

பலகை விலையை
இன்றைக்கே தரச் சொன்னார்.
நாளைக்கு வேற ரேட்டாம்.