கால் சுற்று

கைக்குத்தான் முதலில் தெரிந்தது.
இறுகிக்கொண்டே வந்த திருகாணி
ஒரு கணம் வெண்ணெயாகி,
பிறகு எதுவுமே இல்லாமல் சுற்றியது.
மீன் கழன்ற தூண்டில் நரம்பு போல
அப்படி ஒரு லேசு.

எல்-கீயோடு அது மேலே வந்தது.
பள்ளங்களில் வெள்ளி நூலாய்ச் சுற்றியிருந்தது
எஞ்சினுடைய மரை.

என் எஞ்சினாக இருந்திருக்கலாம்.
நிஜாம் மரைக்காயருடையது.
இரண்டரை சி.சி., உள்ளங்கைக்குள் அடங்கும்,
பொம்மை விமானத்தின் மூக்கு.
கப்பலேறும் முன் கொடுத்துவிட்டுப் போனான்:
"மாசத்துக்கு ஒரு தடவ ஓட்டு,
இல்லன்னா வெளக்கெண்ணெ உள்ள பிசினாயிடும்."
ஒன்பது மாதக் காண்ட்ராக்ட். வெள்ளிக்கிழமை வருகிறான்.
மரைக்காயர் எஞ்சினில் மரையைப் போக்கியவன் என்று
பரங்கிப்பேட்டை வரை சிரிப்பார்கள்.

என் கை மின்வாரியக் கை.
தானே புயலுக்குப் பின் நாற்பத்தொரு நாள்
கம்பம் கம்பமாய் ஏறி இறங்கிய கை.
லூஸ் கனெக்‌ஷன் தீப்பிடிக்கும், அது மட்டும் தெரியும் அதற்கு.
இறுகிய பிறகும் ஒரு கால் சுற்று வைக்காமல்
இறங்கி வராது.
ஊறுகாய் பாட்டில், குழாய்,
எங்கள் வீட்டில் எதையும் புனிதாவால் திறக்க முடியாது.

முதலில் பொய்தான் செய்தேன்.
ஓட்டைக்குள் எம்-சீல் திணித்து
திருகாணியை நட்டுவைத்தேன்.
பார்வைக்கு நாலும் ஒன்று போல.
மறுநாள் விசிறியைச் சுண்டினேன்.
பதினோரு நொடி அலறியது. பிறகு
தலைக்கும் உடம்புக்கும் நடுவே
கொப்புளம் கொப்புளமாய் எண்ணெய்,
பல் முளைக்கும் குழந்தையின் கடைவாய் மாதிரி.

லாரன்ஸ் ரோட்டில் தனவேல் கடை.
"மூணு எம்.எம். டேப் செட்டு."
"எந்த மோட்டாருக்கு?"
"பொம்ம ஏரோப்ளேனுக்கு."
என் நரையை ஒருமுறை பார்த்தார்.
பில்லில் 'மறை டேப்' என்று எழுதினார், வல்லின றகரம் போட்டு.
வேதம் வாங்கியவன் போல வீட்டுக்கு வந்தேன்.

ராத்திரி. ஃபேனை நிறுத்திவிட்டேன்.
பிட்டில் ஆழத்துக்குக் கறுப்பு டேப் சுற்றி,
ஓட்டையை இரண்டரைக்கு வளர்த்து,
ஒரு சொட்டு மண்ணெண்ணெய்.
அரைச் சுற்று முன்னால். கால் சுற்று பின்னால்.
உள்ளே சீவல் அறுபடும் சின்ன நறுக்.
மறுபடி அரை. மறுபடி கால்.
என் கால் சுற்று
முதல் தடவையாகப் பின்னோக்கிப் போனது.

"மறை கழண்டது எஞ்சினுக்கா ஒனக்கா?"
புனிதா வாசலில் நின்றாள்.
பேசாதே என்று கை காட்டினேன்.
டேப் முறிந்தால் உள்ளேயே நின்றுவிடும்,
அந்த எஃகைத் துளைக்க எதுவும் இல்லை என்னிடம்.

முறியவில்லை.
தலையிலிருந்த துளையையும் அரத்தால் பெரிதாக்கி,
சீவலை ஊதித் தள்ள
எல்லா ஓட்டையிலும் டார்ச் அடித்தபோதுதான் பார்த்தேன்:
எதிர்மூலையில் வேறொரு மினுக்கம்.
எஃகுக் கம்பிச் சுருள்,
பேனா ஸ்பிரிங்கின் குட்டி,
வட்டத்தின் மேல் வட்டமாய் உட்கார்ந்திருந்தது.
கம்பெனி வைத்ததில்லை. மற்ற இரண்டில் இல்லை.

நிஜாமா.
அளவு பார்க்கும் ஸ்பானர் இல்லாமல்
ஒரு நட்டைத் தொடமாட்டேன் என்கிற நிஜாமா.
எந்தத் துறைமுகத்தில், எந்தக் கோபத்தில்,
யார் போனை வைத்த பிறகு?
டார்ச்சை அணைக்க வெகுநேரம் ஆனது.

ஞாயிறு, மஞ்சக்குப்பம் மைதானம்.
கிரிக்கெட் பையன்கள் தள்ளிப்போய் நின்றார்கள்.
பதினைந்து மீட்டர் கம்பியின் முனையில் விமானம்
நிஜாமைச் சுற்றிச் சுற்றி வந்தது.
விளக்கெண்ணெய்ப் புகை கெடிலம் பக்கம் சாய்ந்தது.

இறங்கியதும் எஞ்சினைத் தடவினான்.
மூன்று சின்னத் தலை, ஒரு பெரிய தலை.
விரல் பெரிய தலையில் நின்றது.
என்னைப் பார்த்தான்.
நான் எதிர்மூலையைப் பார்த்தேன்.

பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினேன்,
பழைய எல்-கீயும் புதுசும்.
"இனிமே இதுக்கு ரெண்டு வேணும்."
வாங்கிக்கொண்டான். சூடு ஆறட்டும் என்றான்.