மூன்றாம் சுவருக்கு மட்டும்

ஹாப்சலு ஊரின் கடலோரம், பழைய மாவு ஆலை.
நாளை பத்து மணிக்குக் காட்சிக்கூடம் திறக்கிறோம்.
வெளியே மைனஸ் பதினான்கு.
உள்ளே ஒரு கணினிக்குள் ஐந்து செயலிகள்,
ஒரே மின்விசிறியின் இரைச்சலில்,
ஒன்றையொன்று அறியாமல்.

ஒன்று பனி பொழியும்.
ஒன்றிடம் சீலின் உடல் இருக்கிறது, குரல் இல்லை.
ஒன்றிடம் குரல் மட்டும்.
ஒன்று எழுத்துகளை ஓட்டும், எஸ்தோனிய மொழியிலும் ருஷ்யத்திலும்.
ஐந்தாவதைப் பற்றிப் பிறகு.

முதல் நாள் "தொடங்கு" என்று பொதுவில் போட்டுவிட்டேன்.
பேருந்து நிலையத்தில் யாரோ "ஏய்" என்றாற்போல
எல்லாமே திரும்பின.
பனி கொட்ட, குரல் அலற, எழுத்து இரு மொழியிலும் ஓடி முடிந்தது,
ஆளில்லாக் கூடத்தில்.
ஏணி மேலிருந்து ஹில்லர் சிரித்தான்.
அவன் சிரித்தால் உத்தரத்து மாவு கொஞ்சம் உதிரும்,
அறுபது வருடத்து மாவு.

அதற்குப் பிறகு
முதலில் பெயர், ஒரு சாய்கோடு, அப்புறம்தான் சொல்.
ஜாடைப் பேச்சு இங்கே எடுபடாது.
ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்திக்குச் சொல்ல முடியாது.
பெயரில் ஓரெழுத்து பிசகினால் சொல் எங்கோ போய் விழும்.
விழுந்த சத்தம்கூட வராது.
சுவருக்கும் காதுண்டு, சரி.
மூன்றாம் சுவருக்கு ஒரே காது, அதன் எண் 7003.

இரவு இரண்டரை.
மூக்கு நீருக்கு மேலே வருமுன்
மூச்சு கேட்டுவிடுகிறது. அரை நொடிப் பிழை.
கடிகாரத்தை நம்பாமல்
உடலையே குரலிடம் சொல்ல வைத்தேன்:
வந்துவிட்டேன்.
"மறுபடி" என்றான் ஹில்லர்.
மறுபடி.
நீர் கிழிந்தது. அதே கணத்தில்
அந்தக் கரகரத்த, மீன்வாடை அடிப்பது போன்ற மூச்சு.
மீன்வாடைக்கு எங்களிடம் செயலி கிடையாது.
இருவரும் மூக்கைத் தேய்த்துக்கொண்டோம்.

ஐந்தாவது, ஐவோ எழுதியது.
இலையுதிர் காலத்தில் ஓவ்லுவுக்கு வேலை மாறிப் போனான்.
எதற்கென்று எழுதி வைக்கவில்லை.
மூடினால் பனி நிற்பதில்லை,
அதனால் திறந்தே கிடக்கிறது.
சும்மா அதன் பெயரிட்டு "தெரே" என்று அனுப்பினேன்,
வழியில் பார்ப்பவருக்குச் சொல்லும் வணக்கம்தான்.
அதன் பட்டியலில் அப்படியொரு சொல் இல்லை.
பிழை என்று கத்தவில்லை அது,
கிடைத்தது என்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தேன்.

"ஊர்வெ."
மேலிருந்து என் பெயர்.
ஓர் இருமல். மாவு.
பிறகு சொல்:
"ஏணியைப் பிடி."

பிடித்தேன்.