கையை நீட்டுங்க

காலை ஆறு மணிக்கு
ரத்தம் எடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்தால்
பன்னிரண்டுக்குள் நூற்றிருபது கைகள்.
குடியாத்தத்துக் கை, சித்தூர்க் கை,
இரண்டு ராத்திரி ரயிலில் வந்த வங்காளத்துக் கை.
முகம் மறந்துவிடும். நரம்பு நினைவிருக்கும்.

"மடக்குங்க. அசையாதீங்க.
எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான்."
ஐந்து மொழியில் இந்த எறும்பைச்
சொல்லத் தெரியும் எனக்கு.

சத்துவாச்சாரியில் வீட்டுப் பின்பக்கம்
ஒரு துவைக்கிற கல், ஒரு பிளாஸ்டிக் தொட்டி,
ஒற்றைச் செம்பருத்தி.
அக்னி நட்சத்திரத்தில் அதுவும்
மொட்டுகளை விரியாமலே கீழே போட்டது.
பகலெல்லாம் குடித்த வெயிலை
ராத்திரி எங்கள் மேல் துப்பிக்கொண்டிருந்தது மலை.

கொடிக்கம்பியில் ஒரு தேன்சிட்டு.
காய்ந்த மொட்டில் மூக்கை விட்டு எடுத்து
விட்டு எடுத்து
யாரையோ திட்டியது.
அந்தத் திட்டு எனக்குப் பழக்கம்.
ரிப்போர்ட் தாமதமானால்
கண்ணாடிக்கு வெளியே கேட்பதுதான்.

தேதி முடிந்த குழாய்களைக் கழிக்கச் சொல்லியிருந்தார்கள்.
ஊசியே படாத ஒன்றின் சிவப்பு மூடியைக்
கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
எட்டணா பெறாத திருட்டு.
சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு,
கொதிக்கவைத்து ஆறவைத்து
மூடி நிறைய ஊற்றி
இரண்டு விரல் நடுவே பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் நாள் வரவில்லை.
மூன்றாம் நாள் கறிவேப்பிலை வரைக்கும்.
ஆறாம் நாள் எறும்பு வந்தது, நிஜ எறும்பு.
நான் சொல்வதைவிட
அதிகமாகவே வலிக்கிறது.
ஒன்பதாம் நாள் வியர்வை கண்ணில் இறங்க
துடைக்கக் கையை எடுத்து நானே கெடுத்தேன்.

பதினோராம் நாள் காலை
பேரணாம்பட்டிலிருந்து ஒரு பெரியவர்.
தோல் ஷாப்பில் முப்பது வருஷம்,
விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருந்தது.
மூன்று இடம் குத்தினேன்.
நரம்பு நழுவி நழுவிப் போனது.
நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன்
"பரவால்ல, நிதானமா பாரும்மா" என்றார்.
கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.

அன்று சாயங்காலம் அது வந்தது.
கம்பியிலிருந்து நேரே என் சுண்டுவிரலுக்கு.
ரத்தம் நிரம்பிய ஒரு குழாயைவிட லேசு.
நகங்கள் மட்டும்
தையல் போட்டதுபோல் பிடித்தன.
வளைந்த ஊசியை இறக்கியது.
முதல் குத்து மூடியின் விளிம்பில்.
இரண்டாவது என் கட்டைவிரல் சதையில்.
மூன்றாவதும் அங்கேதான்.
பரவாயில்லை, நிதானமாகப் பார் என்றேன்
சத்தம் வராமல்.
நான்காவதில் கிடைத்தது.

அசையாமல் இருப்பது இத்தனை வேலை என்று
நூற்றிருபது பேரில் ஒருவர்கூட
எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம் தினமும் வந்தது.
காலையில் சுகர் எடுக்கிறாய்
சாயங்காலம் ஏற்றுகிறாயா என்று
மதில் மேலிருந்து நஸ்ரின் சிரித்தாள்.
"சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"
ஒருநாள் ஊதா இல்லாத பெட்டையும் கூட வந்து
கம்பியிலேயே உட்கார்ந்து
என்னை நம்பாமல் திரும்பிப் போனது.

ஜூன் கடைசியில் ஒரு ராத்திரி மழை.
நான்கைந்து நாளில் செம்பருத்தியில் ஏழு பூ.
வழக்கம்போல நின்றேன்.
அது தலைகீழாகத் தொங்கித் தொங்கிப்
பூப்பூவாய்க் குடித்துக்கொண்டிருந்தது.
ஒரு முழத் தூரத்தில் என் கை
போன வாரத்துச் சீட்டைப்போல்
செல்லாமல் நீண்டிருந்தது.
மூடியைக் கல்லின் மேல் வைத்தேன்.
கையை மடக்கத்தான் தோன்றவில்லை.

மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் முனிரத்தினம்
"இன்னாம்மா, கைய நீட்டிக்கினு நிக்கிற?
மழ வர்தான்னு பாக்குறியா?"
ஆமாங்க என்றேன்.
சொல்லி வாய் மூடவில்லை,
உள்ளங்கையில் ஒரு சொட்டு.
எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை.